கேமராவில் தெளிவாக இருக்கும் வீடியோ யூடியூபில் ஏற்றியதும் மங்கிப்போகிறதே, தரம் குறையாமல் ஏற்றுவது எப்படி?

நான் குன்னூர்க்காரன். தேயிலைத் தோட்டம், மலை ரயில், மேகம் இறங்கும் பள்ளத்தாக்கு இவற்றைத்தான் ஏழெட்டு வருடமாக எடுத்து யூடியூபில் ஏற்றி வருகிறேன். உங்கள் கேள்வி எனக்கும் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யார் எதை ஏற்றினாலும் யூடியூப் அதை மறுபடி அமுக்கித்தான் (கோப்பின் அளவைச் சுருக்கித்தான்) வைத்துக்கொள்ளும். அதை நாம் தடுக்க முடியாது. அங்கே போய்ச் சேரும் வரை வேறெங்கும் வீணாக அமுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளலாம், அமுக்கினாலும் தாங்குகிற மாதிரி படம் எடுக்கலாம். இந்த இரண்டும்தான் நம் கையில் இருக்கின்றன.

முதலாவதை நான் பட்டுத்தான் கற்றேன். லாம்ஸ் ராக் போகும் வழியில் ஒரு நாள் காலை ஆறரை மணி வெயிலில் கொழுந்து பறிப்பதை எடுத்தேன். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் பனித்துளி தெரிந்தது. கோவையில் இருக்கும் அக்கா மகன் எடிட் செய்து தருவதாகச் சொன்னான். மெசேஜ் செயலியில் வீடியோவாகவே அனுப்பிவிட்டேன். அவனும் வெட்டி ஒட்டி அதே வழியில் திருப்பி அனுப்பினான். ஏற்றிப் பார்த்தால் தோட்டம் முழுக்கப் பச்சை மாவைக் கரைத்து ஊற்றியது போல் கிடந்தது. போகும்போது ஒரு முறை, எடிட் முடித்து எக்ஸ்போர்ட் செய்தபோது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை, ஏற்றிய இடத்தில் ஒரு முறை என்று நான்கு முறை அமுக்கப்பட்டிருந்தது. ஒருமுறை போன இலை எந்த மென்பொருளாலும் திரும்பி வராது.

அதனால் மெமரி கார்டில் இருந்து நேராக லேப்டாப்புக்கு மாற்றுங்கள். அடுத்தவருக்கு அனுப்ப வேண்டுமானால் பென்டிரைவ் அல்லது கூகுள் டிரைவ். வாட்ஸ்அப்தான் வழி என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அசல் அப்படியே போகும்.

இனி படம் எடுப்பது. மலைப் பகுதிக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி என்பேன். வீடியோவை அமுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் (அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படத்தையும்) முழுசாக வைப்பதில்லை. முந்தைய ஃப்ரேமில் இருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. வெள்ளைச் சுவர் முன்னால் ஒருவர் உட்கார்ந்து பேசினால் மாறுவது வாயும் கையும்தான். தேயிலைச் சரிவைக் கையில் கேமரா பிடித்து எடுத்தால், கை நடுங்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான இலைகள் இடம் மாறுகின்றன. அத்தனையையும் எழுத இடம் போதாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்பி விடுகிறது. அதே சரிவை டிரைபாடில் வைத்து எடுங்கள். வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள். ஹில்குரோ ஸ்டேஷனில் மலை ரயில் நிற்கும்போது நீராவியும் பின்னால் காடும் சேர்ந்த காட்சியை நான் டிரைபாட் இல்லாமல் எடுப்பதே இல்லை.

ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனை) கூட்டினால் வரும் புள்ளிப் புள்ளி இரைச்சலும் இப்படித்தான். அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால், இலைக்குப் போக வேண்டிய இடத்தை அவை தின்றுவிடும். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 நொடி வையுங்கள். அசைவு இயல்பாக இருக்கும், நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வெளிச்சமும் துடிக்காது.

அப்புறம் மேகம். டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையில் நின்றால் நவம்பரில் சட்டென்று பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகிவிடும். கண்ணுக்கு அது பட்டுத்துணி. வீடியோவிலோ சாம்பல் நிறத்தில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு விழும். சாதாரண 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மேகம் அதில் ஒரு சின்னப் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 10 பிட்டில் 1024 படிகள். உங்கள் கேமராவில் 10 பிட் இருந்தால் மேகத்துக்கு அதைத்தான் போடுங்கள். இல்லையென்றால் லாக் முறையில் (பின்னால் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறையில்) எடுக்காதீர்கள், இருக்கிற படிகளையும் அது இன்னும் சுருக்கிவிடும். ஆட்டோ எக்ஸ்போஷர் மேகத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கும். எடிட்டிங்கில் வெளிச்சம் கூட்டினால் இரைச்சல் வரும். அங்கேயே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டிப் பூட்டிவிடுங்கள், ஃபோகஸையும் சேர்த்து. லென்ஸில் ஈரம் படிகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நான் ஜெர்கின் பையில் ஒரு துணி வைத்திருப்பேன்.

எக்ஸ்போர்ட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எம்பி4 கோப்பு, ஹெச்.264 கோடெக் (வீடியோவை அமுக்கும் முறை), எடுத்த அதே ஃப்ரேம் வேகம். யூடியூப் பரிந்துரைப்பது 30 ஃப்ரேம் வரையிலான 1080பிக்கு 8 எம்பிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு 8 மெகாபிட் தகவல்), 4கேக்கு 35 முதல் 45 வரை. நான் அதற்கு மேலேயே வைக்கிறேன், மறுபடி அமுக்கப்படப்போகிற கோப்பு கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது.

1080பியில் எடுத்ததாக இருந்தாலும் எடிட்டிங்கில் 4கே ஆக்கி ஏற்றிப் பாருங்கள். புதிதாக விவரம் எதுவும் கூடிவிடாது. ஆனால் 1440பியிலோ அதற்கு மேலோ ஏற்றும் வீடியோவுக்கு யூடியூப் அதிக பிட்ரேட்டும், பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 கோடெக்கும் தருகிறது. சின்னச் சேனல்களின் 1080பி பெரும்பாலும் பழைய ஹெச்.264லேயே நின்றுவிடும். தேயிலை இலை பிழைத்தது எனக்கு இந்த ஒரு மாற்றத்தில்தான்.

செலவு இணையத்தில் வரும். 45 எம்பிபிஎஸ்ஸில் பத்து நிமிட வீடியோ சுமார் 3.4 ஜிபி. எங்கள் வீட்டில் அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நல்ல நாள், ஒன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிடுவேன்.

ஏற்றி முடிந்ததும் உடனே பப்ளிக் ஆக்காதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், 4கே வர நேரம் பிடிக்கும். அதுவரை பிரைவேட்டில் இருக்கட்டும். காலையில் தர மெனுவில் 2160பி (4கே) வந்திருக்கிறதா என்று பார்த்து, வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற தகவல் பட்டியலில் கோடெக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.