செம்மண், கருமணல், சுடுமண்: தாது மிகுந்த நிலத்தில் நாணயம் தேடுவோருக்குக் கேள்வி பதில்

இரும்புத் தாது நிறைந்த நிலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய நாணயம் தேடுபவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். நில உரிமையாளரின் அனுமதி, தொல்பொருள் சட்டம் இரண்டையும் கேட்டவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் கீழே உள்ள எதுவும் பொருந்தாது; அங்கே மெஷினை எடுக்கவே கூடாது.

கேள்வி: காற்றில் காட்டினால் 30 செ.மீ. தள்ளியிருக்கும் நாணயத்தையும் என் டிடெக்டர் பிடிக்கிறது. அதே நாணயம் மண்ணில் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் திணறுகிறது. மெஷின் பழுதா சார்?

பழுதில்லை. காயில் (தண்டின் நுனியிலுள்ள தட்டையான சுருள்) அனுப்பும் காந்தப்புலம் நாணயத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போகும்போதும் தேய்கிறது, வரும்போதும் தேய்கிறது. காயிலின் ஆரத்தைத் தாண்டிய தொலைவில் இந்தத் தேய்மானம் ஏறக்குறைய தூரத்தின் ஆறாம் அடுக்கில் நடக்கும். ஆழம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சத்தம் 64-ல் ஒரு பங்கு.

மண்ணுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது காயிலுக்கு இரண்டு செ.மீ. கீழேயே தொடங்கி, பார்வை எட்டும் இடமெல்லாம் நிரம்பியிருக்கிறது. அதில் மேக்னடைட் (காந்தம் இழுக்கும் கரிய இரும்புத் தாது) இருந்தால் மண்ணின் சத்தம் நாணயத்தின் சத்தத்தைவிடப் பல மடங்கு பெரிது. சந்தை இரைச்சலில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கப் பார்க்கிறீர்கள். காற்றுச் சோதனையில் சந்தையே கிடையாது, அதனால் அந்த 30 செ.மீ. கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: அப்படியானால் சென்சிட்டிவிட்டியை (மெஷினின் கேட்கும் கூர்மையை) முழுசாக ஏற்றிவிட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் கெடும். அது கிசுகிசுப்பையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நிலம் கடுமையாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் மண்ணின் சிக்னலாலேயே நிரம்பி, "ஓவர்லோட்" காட்டும், அல்லது எதுவும் சொல்லாமல் ஊமையாகிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. மெஷின் அமைதியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து நடந்துகொண்டிருப்பீர்கள், அது ஒன்றையும் கேட்டுக்கொண்டிருக்காது.

கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலை மெஷின் கழித்துவிடும்படி சரிசெய்வது; படிகள் கீழே) முடித்தபின், சுத்தமான இடத்தில் காயிலை வீசியபடி சென்சிட்டிவிட்டியைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். பொய்ச் சத்தம் தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு படி இறக்கி நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காயிலை 2 செ.மீ.-க்குப் பதில் 4 அல்லது 5 செ.மீ. உயரத்தில் வீசுங்கள். உயர்த்தினால் ஆழம் குறையுமே என்று தோன்றும். மோசமான மண்ணில் மண்ணின் பங்கு நாணயத்தின் பங்கைவிட அதிகமாகக் குறைவதால், சில நேரம் ஆழம் கூடவே செய்யும்.

கேள்வி: எங்கள் பக்கம் முழுக்கச் செம்மண். செம்மண் என்றாலே தாது அதிகம்தானே?

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பைத் தருவது ஹெமடைட். அதன் காந்தத்தன்மை மிகக் குறைவு. டிடெக்டரைப் படுத்துவது மேக்னடைட்டும், அதைப்போலவே காந்தம் இழுக்கும் இன்னொரு இரும்பு ஆக்சைடான மேக்ஹெமைட்டும். சிவந்த மண் சாதுவாகவும் இருக்கலாம், சாம்பல் நிற மண் பிசாசாகவும் இருக்கலாம்.

வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்த மண்ணில் ஒரு மீட்டர் தூரம் இழுங்கள். பையின் வெளிப்புறத்தில் கருப்பு மீசைபோல் துகள் அடர்ந்து ஒட்டினால் நிலம் கடினம். பையைத் திருப்பிக் காந்தத்தை எடுத்தால் துகள் உதிர்ந்துவிடும். பை இல்லாமல் இழுத்தால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே அரை நாள் போகும்.

பழைய குடியிருப்பு நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுப்பு, சூளை, எரிந்த குப்பை இருந்த இடங்களில் மண் சூடேறி, அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மேக்ஹெமைட்டாக மாறியிருக்கும். சுற்றிலும் மண் அமைதியாக இருக்க, இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு மட்டும் மெஷின் குதிக்கும். ஆள் நடமாடிய இடமும் அதுதான் என்பதால் விட்டுவிட்டுப் போக மனம் வராது. அந்தத் திட்டில் தனியாகக் கிரவுண்ட் பேலன்ஸ் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிரவுண்ட் பேலன்ஸைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஆட்டோ பட்டனை அழுத்துவதோடு விட்டுவிடுகிறேன்.

பட்டனை எங்கே அழுத்துகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. புதைந்த ஆணிக்கு மேலே நின்று அழுத்தினால் மெஷின் ஆணியையே மண் என்று எண்ணிக்கொள்ளும். முதலில் ஆல்-மெட்டல் மோடில் (எந்த உலோகத்தையும் ஒதுக்காத மோடு) வீசிப் பார்த்து, ஒரு சிக்னலும் இல்லாத ஒரு சதுர மீட்டரைக் கண்டுபிடியுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்கும் அளவுக்குத் த்ரெஷோல்டை (பின்னணி ஒலியை) வையுங்கள். காயிலைத் தரைக்கு இணையாகப் பிடித்து, 25 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை சீராக இறக்கி ஏற்றுங்கள். தரையில் இடிக்கக் கூடாது. ஆட்டோ என்றால் ஐந்தாறு முறை போதும், திரையிலுள்ள பேலன்ஸ் எண் ஓரிடத்தில் நிற்கும்.

பிறகு கையால் சரிபாருங்கள். இறக்கும்போது ரீங்காரம் உயர்ந்தால் பேலன்ஸ் பாசிட்டிவ் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏற்றும்போது உயர்ந்தால் நெகட்டிவ். எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதற்குக் கையேட்டைப் பாருங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பதே இலக்கு. சந்தேகமாக இருந்தால் ஒரு மயிரிழை பாசிட்டிவாக விடலாம். நெகட்டிவாக விட்டால் ஒவ்வொரு குழியும் கால்தடமும் உலோகம்போல் கத்தும், ஏனென்றால் குழிக்கு மேல் போவது மெஷினுக்குக் காயிலை உயர்த்துவது மாதிரிதான்.

பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று இடத்தில் இதைச் செய்யுங்கள். எண்கள் ஒட்டி வந்தால் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி: எண்கள் ஒட்டி வரவில்லை. ட்ராக்கிங் (மெஷினே பேலன்ஸைத் தொடர்ந்து மாற்றிக்கொள்ளும் வசதி) போடலாமா?

போடலாம். ஆனால் ஒரு சிக்னலின் மேல் காயிலை ஏழெட்டு முறை ஆட்டிக்கொண்டே இருந்தால், ட்ராக்கிங் அந்த நாணயத்தையும் மண்ணோடு சேர்த்துக் கழித்துவிடும். "முதலில் கேட்டது, திரும்பப் போனால் இல்லை" என்ற புகாருக்கு ஒரு காரணம் இதுதான். சிக்னல் வந்ததும் பூட்டுங்கள், பிறகு சோதியுங்கள்.

கேள்வி: பெரிய காயில் வாங்கினால் ஆழம் கூடும் என்கிறார்கள். 33 செ.மீ. டிடி காயில் (இரண்டு D வடிவச் சுருள் கொண்டது) பார்த்து வைத்திருக்கிறேன், அண்ணா.

சாது மண்ணில் கூடும். உங்கள் மண்ணில் அந்தப் பணத்தைச் சின்னக் காயிலில் போடுங்கள். காயில் பெரிதாகப் பெரிதாக ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணின் கன அளவு ஏறுகிறது. நாணயம் அதே நாணயம்தான். 15 செ.மீ. அளவுள்ள காயில் குறைவான மண்ணைப் பார்ப்பதால், கடின நிலத்தில் 28 செ.மீ. காயிலுக்குச் சமமாகவோ கொஞ்சம் அதிகமாகவோ பிடிப்பதுண்டு. அருகருகே கிடக்கும் ஆணியையும் நாணயத்தையும் பிரித்துக் காட்டுவதிலும் அதுவே கெட்டி.

டிடி என்பது சரியான தேர்வு. கான்சென்ட்ரிக் காயிலின் (ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுருள் கொண்டது) பார்வை கூம்பு போன்றது, மண்ணை வாரி எடுக்கும். டிடியின் பார்வை நடுக்கோட்டில் கத்தி மாதிரி. இருந்தாலும் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் ஓரளவு விழும்படி நகருங்கள். வீச்சின் முடிவில் காயில் மேலே தூக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். தாது மண்ணில் ஒவ்வொரு தூக்கலும் ஒரு பொய்ச் சிக்னல்.

கேள்வி: கல்லைக் காட்டிக் காட்டி ஏமாற்றுகிறது. தோண்டாமலே கண்டுபிடிக்க வழி?

அது ஹாட் ராக், அதாவது சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறுபட்ட தாதுவால் சிக்னல் தரும் கல். இரண்டு ஜாதி. சுற்றியுள்ள மண்ணைவிட மேக்னடைட் அதிகமுள்ள கல் "பொய்ங்ங்" என்று அகலமாக இழுக்கும். பின்பாயிண்ட் மோடில் (பொருள் கிடக்கும் சரியான இடத்தைக் காட்டும் மோடு) அதன் நேர் மேலே போனால் ரீங்காரம் ஏறாது, விழுந்துவிடும். இது எளிது.

இரண்டாவது, மேக்ஹெமைட் நிறைந்த இரும்புக்கல். இது உலோகம்போலவே இனிமையாகக் கூப்பிடும். காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக 8 செ.மீ. வரை உயர்த்தி வீசுங்கள். நாணயத்தின் சத்தம் படிப்படியாகத் தேயும். கல்லின் சத்தம் சட்டென்று அறுந்துபோகும். காலால் மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் தள்ளிப் பாருங்கள். சிக்னலும் கூடவே நகர்ந்தால் பெரும்பாலும் கல். ஒரே மாதிரிக் கல் அந்த நிலம் முழுக்க இருந்தால், கிரவுண்ட் பேலன்ஸை அந்தக் கல் அடங்கும் பக்கம் சற்றே நகர்த்தலாம். அதிகம் நகர்த்தினால் மண் கத்தத் தொடங்கும்.

கேள்வி: தோண்டினால் செப்புக் காசு. திரையில் இரும்பு எண் காட்டியது. ஏன்?

எந்த உலோகம் என்று திரை காட்டும் எண் நாணயத்தினுடையது மட்டுமல்ல, நாணயமும் மண்ணும் கலந்தது. ஆழம் கூடக் கூட மண்ணின் பங்கு மேலோங்கி, எண்ணை இரும்புப் பக்கம் இழுத்துவிடும். டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் சத்தத்தை அடக்கும் அமைப்பை) உயர்த்தி வைத்தவர்கள் இந்த நிலத்தில் ஆழமான காசுகளை எல்லாம் தாங்களே வாயடைத்துவிடுகிறார்கள். அதைப் பூஜ்யத்தில் வைத்து, இரும்புக்குத் தாழ்ந்த குரல் கொடுத்துவிட்டுக் காதால் வேலை செய்யுங்கள். ஹெட்போன் இல்லாமல் இது முடியாது.

சிக்னலை ஒருமுறை கேட்டதும் 90 பாகை சுற்றி வந்து மறுபடி வீசுங்கள். தட்டையாகக் கிடக்கும் நாணயம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பேசும். ஆணி ஒரு பக்கம் பேசி மறுபக்கம் உடையும். துருவேறிய தகடு மட்டும் உயர்ந்த எண் காட்டி ஏமாற்றும். வீச்சில் கேட்ட இடமும் பின்பாயிண்ட் காட்டும் இடமும் சில செ.மீ. விலகியிருந்தால் அது தகடோ ஆணியோதான். இரண்டு திசையில் ஒன்றிலாவது நல்ல குரல் திரும்பத் திரும்ப வந்தால் தோண்டுங்கள், எண் என்ன சொன்னாலும்.

கேள்வி: கடற்கரையில் கருமணலும் உப்பு ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன. பேலன்ஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஒற்றை ஃப்ரீக்வென்சி மெஷினால் நிற்காது. கருமணலின் சிக்னல் காந்தத்தால் வருவது, உப்புநீரின் சிக்னல் மின்கடத்தலால் வருவது. மெஷினின் அளவுகோலில் இரண்டும் எதிரெதிர் ஓரங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைக் கழித்தால் மற்றது துள்ளும். பல ஃப்ரீக்வென்சிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் மெஷின் இரண்டையும் ஒருசேரக் கழிக்க முடியும். ஃபிஷர் நிறுவனத்தின் சிஇசட் மெஷின் வரிசை 1990-களிலேயே 5, 15 கிலோஹெர்ட்ஸை இதற்காகத்தான் சேர்த்துப் பயன்படுத்தியது.

பல்ஸ் இண்டக்ஷன் மெஷின் இன்னொரு வழி. துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோ வினாடி கழித்துக் கேட்பதால் மேக்னடைட்டும் உப்பும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மேக்ஹெமைட் மட்டும் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. இந்த வகை மெஷின் இரும்பையும் நம்பகமாகப் பிரிக்காது, ஆணி நிறைந்த பழைய நிலத்துக்குக் கொண்டுபோனால் முதுகு போய்விடும். வேறு மெஷின் வாங்க வழியில்லையென்றால் ஈர விளிம்பை விட்டு மேலேறிக் காய்ந்த மணலில் தேடுங்கள்.

கேள்வி: வயலில் சும்மா நிற்கும்போதே கடகடவென்று சத்தம். இதுவும் தாதுவா?

காயிலை அசைக்காமல் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். அப்போதும் சத்தம் என்றால் மண் காரணமில்லை. மின்கம்பி, மின்வேலி, பையிலுள்ள போன். ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் (மெஷின் வேலை செய்யும் ஃப்ரீக்வென்சியைச் சற்று நகர்த்தும் வசதி) மாற்றிப் பாருங்கள். தரைமேல் அசைத்தால் மட்டும் சத்தம் என்றால் மண். இரண்டிலும் சேராமல், தண்டைத் தட்டினால் சத்தம் வந்தால் காயில் கேபிள் தளர்ந்திருக்கிறது, இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். காயில் கவரையும் கழற்றி உதறுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி கருமணல் சேர்ந்து, போகுமிடமெல்லாம் உங்களோடு வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: நாணயத்தைப் புதைத்துச் சோதித்தால் ஒரு நாள் பிடிக்கிறது, ஒரு நாள் இல்லை.

மேலிருந்து குழி தோண்டி மூடினால் மண்ணின் கட்டு குலைந்துவிடும், அந்த அளவீடு எதற்கும் உதவாது. ஓரமாக ஒரு சிறு பள்ளம் வெட்டி, அதன் பக்கச் சுவரில் 15 செ.மீ. ஆழத்தில் கம்பியால் கிடைமட்டமாக ஒரு துளை போடுங்கள். மெல்லிய குச்சியின் நுனியில் நாணயத்தைத் தட்டையாக ஒட்டி, கை நீளம் உள்ளே தள்ளுங்கள். மேலே உள்ள மண் கலையாமல் இருக்கும். 10, 15, 20 செ.மீ. என மூன்று துளை போதும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் இதன்மேல் வீசிப் பாருங்கள்.

கேள்வி: தோண்டியபின் சிக்னல் காணாமல் போகிறது.

குழியும் மண்குவியலும் இப்போது மேடுபள்ளம், இரண்டுமே பொய் சொல்லும். எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, விரிப்பை இரண்டு மீட்டர் தள்ளி இழுத்து, மண்ணைப் பரப்பிவிட்டுச் சோதியுங்கள். குழிக்குள் கைப் பின்பாயிண்டரை (கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டர்) போடும்முன், அதன் நுனியை மண்ணில் தொட்டபடியே ஆன் செய்யுங்கள். காற்றில் ஆன் செய்தால் குழிச் சுவரில் பட்டதுமே அலறும்.