அப்பாவைக் கேட்டார்களா?

கேள்வி: மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்பாவை (64) அழைத்துப் போனோம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராம் மட்டும் என்று 15,000 ரூபாய் கட்டினோம். முக்கால் மணி நேரத்தில் நர்ஸ் ஓடிவந்து, “அடைப்பு இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க” என்றார். பதறிப்போய்ப் போட்டேன். பில் 1,92,000. “என்னை ஒரு வார்த்தை கேட்கலையேம்மா” என்கிறார் அப்பா. நான் கையெழுத்துப் போட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பா சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். ஆஞ்சியோகிராமுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போக ஓர் ஊசி, அவ்வளவுதான். மனிதர் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது வெளியே நிற்கும் மகளிடம் எதற்குப் பேனாவை நீட்டினார்கள்?

1995-இல் டெல்லியில் இப்படித்தான் நடந்தது. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்ப்பது) பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, அவருடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது அம்மாவின் சம்மதமும் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு. (பதிமூன்று வருஷத்துக்கு அந்தத் தொகை!)

ஆனால் ஒரு சிக்கல். நான் 22 வருஷம் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் இருந்தவன். ஆஞ்சியோகிராம் சம்மத ஃபார்மில் அச்சடித்த பரிசோதனையின் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கூட்டல் குறி, பிறகு ‘பி.டி.சி.ஏ.’ என்று நாலு எழுத்து. அதுதான் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்கும் சிகிச்சை. அப்படி எத்தனையோ ஃபார்மை ஃபைலில் கோத்திருக்கிறேன். அதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலம் குறையும். மாரடைப்பு வந்து அவசரமாகச் செய்திருந்தாலும் அப்படியே.

அதனால் முதல் வேலை, கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவு) நகல். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதில் ஸ்டென்ட் டப்பாவின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; பில்லோடு ஒப்பிடுங்கள். 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்ட்டுக்கு அரசு உச்ச விலை உண்டு, அதற்கு மேல் போட்டிருந்தால் அது தனிப் புகார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

அப்புறம், நகல் கேட்டு எழுதும் கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா போடட்டும்.