மனநலப் பிரச்சினை உள்ள சக ஊழியரிடம் எப்படிப் பேசுவது? எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

பைபோலார் (மனநிலை சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய்) இருப்பதாக உங்கள் சக ஊழியரே உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றால், உங்களை நம்பித்தான் சொல்லியிருப்பார். டீமில் வேறு யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள். 'லூசு', 'மெண்டல்' எல்லாம் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி ஒன்று இருக்கிறது.

என் அக்காவுக்கும் பைபோலார்தான். கணக்குப் பிரிவில் வேலை. ஒருமுறை ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருப்பதைக் கண்டுபிடித்து, மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். கொஞ்சம் குரல் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். அவர் ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "உங்க உடம்புதாம்மா முக்கியம். மாத்திரையெல்லாம் சரியா எடுத்துக்கறீங்களா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்றாராம். இரண்டு பில்லையும் சேர்த்துப் பின் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஆடிட்டர் அதையே சொன்னார், பணமும் திரும்பி வந்தது. அக்காவிடம் ஒருவரும் வந்து பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால், உங்கள் சக ஊழியர் கோபப்பட்டால் கோபம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறை சொன்னால் முதலில் அந்தக் குறையைப் பாருங்கள்.

'அப்படியானால் சொல்லில் ஒன்றுமே இல்லையா' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானில் ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002-இல் அதை மாற்றினார்கள். அதற்கு முன் 36.7 சதவீத நோயாளிகளிடம்தான் டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடத்தில் அது 69.7 ஆனது. தனக்கு என்ன நோய் என்று தெரியாமலே எத்தனை பேர் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள்!

எப்படிக் குறிப்பிடுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. அக்காவுக்கு 'பைபோலார் உள்ளவர்' என்றால் சரி, 'பைபோலார் நோயாளி' பிடிக்காது. ஆட்டிசம் உள்ளவர்களிலோ பலர் 'நான் ஆட்டிஸ்டிக்' என்று சொல்லிக்கொள்ளத்தான் விரும்புகிறார்கள். உங்கள் நண்பர் தன்னைப் பற்றி எப்படிப் பேசுகிறாரோ அப்படியே நீங்களும் பேசுங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போக லீவு கேட்டால், 'அவங்களே போக மாட்டாங்களா?' என்கிறார்கள் என் ஆபீசில். அக்கா தனியாகப் போவாள். ஆனால் மருந்தை மாற்றுகிற சமயத்தில், அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் நான்தான். அதை டாக்டரிடம் நான்தானே சொல்ல வேண்டும்?