ஹைப்ரிட் காரில் மைலேஜ் கூட எப்படி ஓட்ட வேண்டும்?

இவி விளக்கு (இன்ஜின் ஓடாமல் மின்சாரத்தில் மட்டும் போகிறது என்று காட்டும் விளக்கு) அணையாதபடி பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், அப்படியும் மைலேஜ் ஏறவில்லை, என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விளக்கைத் துரத்துவதுதான் தப்பு.

பிளக் போட்டு சார்ஜ் செய்யாத ஹைப்ரிட்டுக்குப் பெட்ரோலைத் தவிர வேறு வரவு கிடையாது. பேட்டரியில் இருக்கும் மின்சாரம் எல்லாமே பெட்ரோல் எரிந்து வந்ததுதான். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி, மறுபடி இன்வெர்ட்டர், மோட்டார் என்று கைமாறித்தான் அது சக்கரத்துக்கு வந்து சேர்கிறது; ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சூடாகிக் கழியும். இவி பட்டனை அமுக்கிப் பேட்டரியைக் காலி செய்தால், பின்னால் இன்ஜின் கூடுதலாக எரிந்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். பேட்டரியும் சின்னது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் மொத்தமே சுமார் 1.3 கிலோவாட் அவர். அதிலும் நடுப்பகுதியை மட்டும்தான் கார் பயன்படுத்த விடும். வாகனம் நிறுத்துமிடத்தில் கொஞ்சம் நகர்த்தி வைக்கத்தான் அந்த பட்டன் லாயக்கு.

மைலேஜ் உண்மையில் பிரேக்கில்தான் இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, காரின் ஓட்ட ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 208 கிலோஜூல். 4 நொடியில் நிறுத்தினால் சராசரியாக 52 கிலோவாட் பேட்டரிக்குள் போக வேண்டும். இந்தச் சின்ன பேட்டரிகள் பலவற்றுக்கு 20, 30 கிலோவாட்டுக்கு மேல் வாங்கத் தெம்பில்லை. மிச்சம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். அதே காரை 12 நொடி எடுத்து நிறுத்தினால் சராசரி 17 கிலோவாட்தான். பெரும்பகுதி பேட்டரிக்குப் போகும். அதற்குத் தேவையான தூரம் சுமார் 100 மீட்டர். அதாவது சிக்னலைப் பார்த்த உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுபட வேண்டும்.

இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வேகம் அதிகமாக இருக்கும்போது அதே பிரேக் அழுத்தத்துக்கு அதிக பவர் உருவாகும். ஆகவே முதலில் லேசாக, வேகம் குறையக் குறையக் கொஞ்சம் அழுத்தமாக மிதியுங்கள். சாதாரண காரில் பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். டாஷ்போர்டில் ‘சார்ஜ்’ பகுதியில் இறங்கும் முள்ளைப் பாருங்கள்: அது கடைசி வரை போய் முட்டினால் பேடும் சேர்ந்து பிடிக்கிறது என்று அர்த்தம். முட்டாமல் அதற்குச் சற்று முன்னால் நிற்க வைக்கப் பழகினால் போதும். நிற்கப் போகும் கடைசிக் கட்டத்தில், மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில், பேடுதான் பிடிக்கும், அதைத் தவிர்க்க முடியாது. அவசரத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஓங்கி மிதியுங்கள்.

பிரேக்கில் திரும்ப எடுப்பதைவிட லாபம், எடுக்கவே தேவையில்லாமல் ஓட்டுவது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால் கார் தானாகவே லேசாக சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும், வேகமும் குறையும். விரலளவு அழுத்தி வைத்தால் திரையில் பேட்டரிக்குப் போகிற அம்பும் இல்லை, வருகிற அம்பும் இல்லை என்ற நிலை வரும். அப்போது கார் சும்மா உருண்டு ஓடும். முன்னால் சிக்னல் பச்சையாக மாறும்போலத் தெரிந்தால் இப்படி உருள விடுங்கள். நின்றே ஆக வேண்டும் என்றால் காலை எடுத்து சார்ஜ் ஆக விடுங்கள்.

கிளம்பும்போது எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது ஹைப்ரிட்டுக்குப் பொருந்தாது. பெரும்பாலான முழு ஹைப்ரிட்களில் (மோட்டார் மட்டுமே தனியாகக் காரை இழுக்கக்கூடியவை) இருப்பது அட்கின்சன் சுழற்சி என்ற சிக்கன வகை இன்ஜின். நடுத்தரத்துக்குச் சற்று மேலான சுமையில்தான் அது சிக்கனமாக எரியும். குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் வீண். ‘எக்கோ’ பகுதியின் மேல் பாதியில் முள்ளை வைத்து, ‘பவர்’ பகுதியைத் தொடாமல், நிதானமான சுறுசுறுப்போடு வேகத்தை எட்டுங்கள். எட்டியதும் காலை முழுசாக எடுங்கள், இன்ஜின் நிற்கும். பிறகு லேசாக அழுத்துங்கள். எடுக்காமல் அப்படியே தளர்த்தினால் பல நேரம் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதையே 50க்கும் 60க்கும் இடையில் மாறி மாறிச் செய்வதைத்தான் ‘பல்ஸ் அண்ட் கிளைடு’ என்கிறார்கள். பலன் உண்டு, ஆனால் பின்னால் வருகிறவருக்கு எரிச்சல். காலியான சாலையில் மட்டும் செய்யுங்கள்.

நெடுஞ்சாலையில் நிறுத்தி நிறுத்திப் போவதில்லை என்பதால் ஹைப்ரிட்டின் சாமர்த்தியம் பெரிதாக எடுபடாது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 80ஐவிட 100இல் அது 56 சதவீதம் அதிகம். சும்மா கிடக்கும் கூரை கேரியரைக் கழற்றி வையுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் சமதரைக்கு நல்லது. மேடு பள்ளத்தில் வேகத்தை விடாமல் பிடிக்க இன்ஜினை அலற வைக்கும். மேட்டில் வேகம் கொஞ்சம் விழட்டும், இறக்கத்தில் திரும்பக் கிடைத்துவிடும்.

இறக்கம் என்றதும் கியரை ‘பி’ (B) நிலைக்கு மாற்றுவது பலருடைய வழக்கம். டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் அது இன்ஜினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை. கூடுதல் சார்ஜுக்கானது அல்ல. நீண்ட மலை இறக்கத்தில் பேட்டரி நிரம்பிய பிறகு அது அவசியம், தினசரி ஓட்டத்தில் நஷ்டம். சிக்னலில் ‘என்’ (நியூட்ரல்) போடுவதும் வேண்டாம்: அந்த நிலையில் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ‘டி’யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜின் தனிக் கதை. கிளம்பிய முதல் சில நிமிடம் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் திரவத்தையும் சூடாக்கவே அது ஓடும். நீங்கள் எவ்வளவு நயமாக ஓட்டினாலும் நிற்காது. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறிய பிறகு இன்னொரு இரண்டு கிலோமீட்டர் போனால் மைலேஜ் படுத்துவிடும். சின்னச் சின்ன வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். ஹீட்டர் போட்டாலும் கூலண்ட் சூட்டுக்காக இன்ஜின் திரும்பத் திரும்ப எழும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று: பல மாடல்களில் பின்சீட் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதன்மேல் பையை வைத்து அடைத்தாலோ, ஃபில்டரில் தூசி படிந்தாலோ பேட்டரி சூடேறும். சூடேறினால் கார் அதன் வரவு செலவைக் குறைத்து, இன்ஜினை அதிகம் ஓட்டும். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான்.

டயர் காற்றை, டயர் ஆறியிருக்கும்போது, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். ஆயில் மேனுவலில் சொன்ன தரமே ஊற்றுங்கள்; 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் இழப்புதான்.

உங்களுடையது மைல்ட் ஹைப்ரிட் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதன் மோட்டார் உதவி மட்டும் செய்யும், தனியாகக் காரை இழுக்காது. முன்கூட்டியே கால் எடுப்பது மட்டும் அங்கேயும் அப்படியே செல்லும்.

அளக்கும்போது திரையை நம்பாதீர்கள், சற்றுக் கூட்டியே காட்டும். ஒரே பங்கில் டேங்கை முதல் கட்-ஆஃப் வரை (பம்ப் தானாக நிற்கும் வரை) நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று டேங்க் பார்த்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.