வான்கோழிக் குஞ்சுக்கு பிராய்லர் தீவனம் கொடுக்கிறேன், எடை ஏறவில்லை. அமினோ அமிலக் குறைவு காரணமாக இருக்குமா?

இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் என் முதல் சந்தேகமும் அதுதான். மூன்று வாரக் குஞ்சுகள் சுறுசுறுப்பாகத் திரிகின்றன, நன்றாகத் தின்கின்றன, ஆனால் எடை ஏறவில்லை, இறகும் சீராக முளைக்கவில்லை என்கிறீர்கள். பிராய்லர் ஸ்டார்ட்டர், அதாவது முதல் வாரங்களுக்கான தீவனம், நல்ல தீவனம்தான், பிராய்லருக்கு. வான்கோழிக் குஞ்சுக்கு அது பற்றாது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட தேவைப் பட்டியலைத்தான் தீவனம் கலப்பவர்கள் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம். அதில் பிராய்லருக்கு முதல் 3 வாரத்தில் 23 சதவீதம் புரதம், 1.1 சதவீதம் லைசின் (புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்று). வான்கோழிக்கு முதல் 4 வாரத்தில் 28 சதவீதம் புரதம், 1.6 சதவீதம் லைசின். புரதத் தேவை ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, லைசின் தேவையோ கிட்டத்தட்ட பாதியளவு கூடிவிடுகிறது. அதனால் புரதத்தை மட்டும் ஏற்றினால் போதாது, அந்தப் புரதமே லைசின் செறிந்ததாக இருக்க வேண்டும்.

தீவனத்தில் வரும் லைசின் பெரும்பாலும் தசை கட்டவே போகிறது. குஞ்சின் உடம்பால் அதைத் தயாரிக்கவும் முடியாது, நாளைக்கென்று சேர்த்துவைக்கவும் முடியாது. லைசின் குறைந்தால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் தசையாக மாறாது. உடைந்து யூரிக் அமிலமாக எச்சத்தில் போய்விடும். முதலில் அடிவாங்குவது நெஞ்சுத் தசை. வெண்கல நிற வான்கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: லைசின் போதாத குஞ்சுகளின் இறக்கை இறகுகளில் நிறம் வெளிறி வெள்ளைப் பட்டை விழும்.

புண்ணாக்கு வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். சோயா புண்ணாக்கிலும் கடலைப் புண்ணாக்கிலும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவு, 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் கடலைப் புண்ணாக்கில் லைசின் சோயாவில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். மூட்டையில் அச்சிட்ட புரத சதவீதத்தைப் பார்த்தால் இரண்டும் சமமாகத் தெரியும். குஞ்சின் எடையில்தான் வித்தியாசம் தெரியும்.

மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் பொதுவாக முதலில் குறைவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, கெரட்டினில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, அந்த சிஸ்டினை உடல் மெத்தியோனினிலிருந்து தயாரித்துக்கொள்ளும். வான்கோழிக் குஞ்சுக்கு இரண்டும் சேர்ந்து 1.05 சதவீதம் வேண்டும். இறகு சரியாக முளைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் தோன்றியது. அடுத்தது திரியோனின். குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப் படலத்துக்கு அது அவசியம்.

குறைகிறது என்றதும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். லைசின் மிதமிஞ்சிப் போனால் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை உடல் வேகமாக அழிக்கும். பாலூட்டிகளின் உடலில் ஆர்ஜினினைத் தயாரிக்கும் யூரியா சுழற்சி என்ற வேதிப் பாதை பறவைகளுக்கு முழுமையாக இல்லை என்பதால் ஆர்ஜினினும் தீவனத்திலிருந்தே வந்தாக வேண்டும். அமினோ அமிலங்களில் அளவு மீறினால் வளர்ச்சியை அதிகம் கெடுப்பது மெத்தியோனின். கரண்டிக் கணக்கில் போடாமல் கட்டாயம் எடை போட்டுக் கலக்குங்கள். சமநிலை இல்லாமல் புரதத்தைக் கூட்டினாலும் எச்சம் நீர்த்துக் கூளம் ஈரமாகும், பாதத்தில் புண் வரும்.

அப்புறம், சோயா புண்ணாக்கின் பக்குவம். வெப்பம் போதாவிட்டால் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் (புரதத்தைச் செரிக்கும் நொதியை முடக்கும் பொருள்) செரிமானத்தைக் கெடுக்கும். அதிகமாகிக் கருகினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து குஞ்சுக்குக் கிடைக்காமல் போகும். ஆய்வுத் தாளில் நிறைய லைசின் காட்டும், குஞ்சு வளராது. செரிக்கக்கூடிய லைசின் எவ்வளவு என்று கேட்பதே சரியான கேள்வி.

இப்போதைக்கு வான்கோழி ஸ்டார்ட்டர் கிடைத்தால் உடனே அதற்கு மாறுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் முதல் 4 வாரத்தில் குஞ்சு தின்பது அதன் ஆயுளில் தின்பதில் மிகச் சிறிய பங்கு, அங்கே மிச்சம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 8 வாரத்துக்குப் பிறகு லைசின் தேவை 1.3 சதவீதத்துக்கு இறங்கும், 20 வாரம் கடந்தால் 0.65 போதும். குறைவு மிதமாக இருந்திருந்தால் சரியான தீவனத்தில் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

மாற்றிய பிறகும் கால் வளைவதோ காலின் நடுவே உள்ள கணுக்கால் மூட்டு வீங்குவதோ தெரிந்தால் நியாசின் என்ற பி வைட்டமினைப் பாருங்கள். வான்கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 60 மில்லிகிராம் வேண்டும், பிராய்லருக்கு 35 போதும். அமினோ அமிலம் சேர்த்து அதைச் சரிக்கட்ட முடியாது.