சிறு கட்டண உயர்வுக்கு ஒரு நாடே ஏன் தெருவில் இறங்குகிறது?

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டதாக அரசுகளும் பொருளாதார அறிஞர்களும் சொல்லும்போதும் பல நாடுகளில் மக்களின் கோபம் ஏன் தணிவதில்லை? மிகச் சிறிய ஒரு கட்டண உயர்வோ வரியோ பெரும் கிளர்ச்சியாக மாறுவது எப்படி?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது உண்மை என்றாலும் போதாது என்று நினைக்கிறேன். வாடகை பல ஆண்டுகளாக ஊதியத்தைவிட வேகமாக ஏறியபோதும், ஒரே ஒரு மருத்துவச் செலவு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் கரைத்தபோதும் முறியாத அச்சு, பயணச்சீட்டின் விலை சற்றே உயரும்போது மட்டும் முறிவதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். அந்தச் சிறிய உயர்வில் மட்டும்தான் ஒருவருடைய கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதே என் பதில்.

வாழ்க்கைச் செலவை உயர்த்தும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் என்று எவரும் முன்வருவதில்லை. வாடகையை உயர்த்துபவர் சந்தை நிலவரத்தைக் காட்டுகிறார். எரிபொருள் நிறுவனம் உலக விலையைக் காட்டுகிறது. ஊதியத்தை உயர்த்த மறுக்கும் முதலாளி போட்டியைக் காட்டுகிறார். அமைச்சரிடம் கேட்டால் அது மத்திய வங்கியின் பொறுப்பு என்கிறார். மத்திய வங்கியோ தன் கையில் வட்டி விகிதம் ஒன்றே இருக்கிறது என்கிறது. இவர்கள் சொல்வது எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்தப் பதில்களையெல்லாம் கேட்டுவிட்டு மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு, தன் வாழ்வு நெருக்கப்படுவது தெரிகிறதே ஒழிய, யாரிடம் போய் முறையிடுவது என்பது தெரிவதில்லை. கட்டண உயர்வு அப்படியல்ல. அதற்கு ஓர் ஆணை உண்டு, நடைமுறைக்கு வரும் நாள் உண்டு, தொலைக்காட்சியில் தோன்றி அதை நியாயப்படுத்தும் அமைச்சர் உண்டு. முகவரி இல்லாமல் பல ஆண்டுகள் சேர்ந்த கோபத்துக்கு அன்று ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

2019 அக்டோபரில் சிலியில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். தலைநகர் சாண்டியாகோவின் மெட்ரோ ரயிலில் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 பெசோவாக உயர்ந்தது. அதை ஒரு வல்லுநர் குழு சூத்திரத்தின்படி கணக்கிட்டிருந்தது. அதாவது, அதுவும் யாருடைய முடிவும் அல்ல என்று காட்டுவதற்கான ஏற்பாடு இருந்தது. ஆனால் அப்போதைய பொருளாதார அமைச்சர், அதிகாலையில் எழுந்து புறப்படுபவர்களுக்குக் குறைந்த கட்டணத்தின் பயன் கிடைக்கும் என்று விளக்கம் சொன்னபோது, அந்த உயர்வுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. நகரின் விளிம்பில் வாழ்ந்து, ஏற்கெனவே இருட்டிலேயே எழுந்து வேலைக்குப் போகும் மக்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட வாசகம் அது. அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தான் யாருக்கு விளக்கம் சொல்கிறோம் என்பதே தெரியாத தொலைவில் அவர் இருந்தார் என்பதுதான் துயரம். மாணவர்கள் கட்டணம் செலுத்தாமல் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள், நிலையங்கள் எரிந்தன, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பெரும் செல்வந்தரான அதிபர் செபாஸ்டியன் பின்யேரா, நாடு ஒரு வலிமையான எதிரியோடு போரில் இருப்பதாகப் பேசினார். கட்டண உயர்வு உடனே நிறுத்தப்பட்டும் கூட்டம் கலையவில்லை. அக்டோபர் 25 அன்று சாண்டியாகோவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். பிரச்சினை 30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள் என்பது அவர்களுடைய முழக்கம். சர்வாதிகார ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பிய பிறகு கடந்துபோன காலம் அது. அந்த 30 ஆண்டுகளில் ஓய்வூதியமும் உயர்கல்வியும் குடிநீரும் பெருமளவு தனியார் கைகளில் இருந்தன. வளர்ச்சி விகிதம் அண்டை நாடுகள் பொறாமைப்படும் அளவில் இருந்தது. இரண்டும் உண்மை என்பதால்தான் அரசுக்கு அந்தக் கோபம் புரியவில்லை.

அதே மாதத்தில் லெபனானில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குக் கட்டணம் விதிக்கும் யோசனை சில மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டும், இரண்டு வாரத்துக்குள் பிரதமர் சாத் ஹரிரி பதவி விலக நேர்ந்தது. கென்யாவில் 2024 ஜூனில் நிதி மசோதாவிலிருந்து ரொட்டி மீதான வரி கைவிடப்பட்ட பிறகுதான் நாடாளுமன்றமே முற்றுகையிடப்பட்டது. சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களின் குடும்பங்களுக்கு எந்த வரிச்சலுகையும் ஈடாகாது. அதிபர் வில்லியம் ரூட்டோ மறுநாள் மசோதாவைக் கைவிட்டார். அடுத்த மாதம் கிட்டத்தட்ட அமைச்சரவை முழுவதையும் நீக்கினார். கோபம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. விலையைக் குறைத்தால் கோபம் தணியும் என்று எதிர்பார்த்த ஆட்சியாளர்கள் எல்லா இடங்களிலும் ஒரே விதமாகத் திகைத்தார்கள்.

பணவீக்கம் குறைந்த பிறகும் கோபம் ஏன் என்ற உங்கள் முதல் பகுதிக்கு வருகிறேன். பணவீக்கம் என்பது விலைகள் ஏறும் வேகம். வேகம் குறைந்தால் விலைகள் இறங்கிவிட்டன என்று பொருள் அல்ல. ஏறிய இடத்திலேயே அவை நிற்கின்றன, அல்லது மெதுவாக இன்னும் ஏறுகின்றன. இலங்கையில் 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் சுமார் 70 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. பொருளாதார நிர்வாகத்தின் பார்வையில் அது பெரிய சாதனை. ஆனால் முதலில் 100 ரூபாயாக இருந்த செலவு 170 ரூபாயாகி, அதன் மேல் மேலும் ஓரிரு ரூபாய் கூடியது என்பதுதான் அந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி. இந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு ஊதியம் உயராத வீட்டில் நெருக்கடி முடிந்துவிட்டது என்று அறிவிப்பது, அந்த வீட்டாரின் கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்வதாகும். அங்கே அந்த நெருக்கடிக்கு வழிவகுத்தவற்றில், 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட பெரும் வரிக்குறைப்பும், 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்ததும் அடங்கும். உழவர்களைக் கேட்காமல் எடுத்து, சில மாதங்களில் கைவிடப்பட்ட அந்த முடிவின் விலையை உழவர்களே கொடுத்தார்கள்.

பணவீக்க எண் ஒரு சராசரி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும் ஆண்டில், ஏழை வீட்டின் பணவீக்கம் அறிவிக்கப்படும் எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலும், பல நாடுகளின் விலைக் குறியீட்டில் வாடகை சேர்க்கப்படுகிறதே தவிர, வீடு வாங்கும் விலை முதலீடாகக் கருதப்பட்டு வெளியே நிறுத்தப்படுகிறது. அதற்குத் தகுந்த கணக்கியல் காரணம் உண்டு. ஆயினும் இளம் தம்பதியர் வாழ்நாளில் கொடுக்கப்போகும் மிகப்பெரிய விலை அந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை என்பதும் உண்மை. மக்கள் பொருளாதாரம் தெரியாமல் கோபப்படுகிறார்கள் என்று எழுதுபவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. தங்கள் வீட்டு வரவுசெலவை அவர்கள் மிகச் சரியாகவே அறிந்திருக்கிறார்கள்.

ஏற்றத்தாழ்வு இந்தக் கோபத்துக்குள் நுழைவது இங்கேதான். 2022ஆம் ஆண்டுக்கான உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின் கணக்கில், உலக மக்களில் மேல்தட்டு 10 விழுக்காட்டினரிடம் மொத்தச் செல்வத்தில் 76 விழுக்காடும், கீழ்ப்பாதி மக்கள் அனைவரிடமும் சேர்த்து வெறும் 2 விழுக்காடும் இருந்தன. எந்தச் சொத்தும் இல்லாதவருக்கு விலையேற்றம் இழப்பு மட்டுமே. நிலமும் பங்குகளும் வைத்திருப்பவருக்கோ அதே காலத்தில் சொத்தின் மதிப்பும் பெரும்பாலும் ஏறிவிடுகிறது. விலையை அடக்க வட்டியை உயர்த்தினால் கடனாளிக்குத் தவணை கூடுகிறது, சேமிப்பு உள்ளவருக்கு வருமானம் கூடுகிறது. எல்லோரும் சமமாகத் தாங்கும் சுமை என்றால் மனிதர்கள் வியக்கத்தக்க பொறுமையோடு தாங்குவார்கள். போர்க்காலங்களிலும் இயற்கைப் பேரிடர்களிலும் அது தெரிந்திருக்கிறது. பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தபோது, எரிபொருள் வரியை எதிர்த்தவர்களில் பலர் சுற்றுச்சூழலைக் காப்பதை எதிர்க்கவில்லை. பேருந்தும் ரயிலும் எட்டாத ஊர்களிலிருந்து வேலைக்குக் காரில் போக வேண்டியிருந்த அவர்களுக்கு வரி கூடியது. செல்வந்தர்களின் மொத்தச் சொத்தின் மீது இருந்த வரியோ அதே ஆண்டில் நீக்கப்பட்டு, நிலம் கட்டடங்களுக்கு மட்டுமான வரியாகச் சுருக்கப்பட்டிருந்தது. இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க அவர்களுக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

தேர்தல் இருக்கிறதே, பிடிக்காத ஆட்சியை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மாற்றத்தான் செய்கிறார்கள், ஆனால் மாறி வருபவரும் அதே கடன் நிபந்தனைகளையும் அதே வல்லுநர் குழுக்களையும் அதே நன்கொடையாளர்களையும் காட்டி, தன் கையில் எதுவும் இல்லை என்கிறார். அமெரிக்க அரசியல் அறிஞர்கள் மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 1981 முதல் 2002 வரையிலான 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, பொருளாதார மேல்தட்டினரின் விருப்பத்தையும் அமைப்பாகத் திரண்ட குழுக்களின் நிலைப்பாட்டையும் கழித்துவிட்டால், சராசரிக் குடிமக்களின் விருப்பத்துக்குத் தனியான செல்வாக்கு ஏறத்தாழ இல்லை என்று கண்டார்கள். பல கேள்விகளில் நடுத்தர மக்களும் மேல்தட்டினரும் ஒரே கருத்தில்தான் இருந்தார்கள் என்று இந்த ஆய்வை மறுத்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த மறுப்பில் வலு இருக்கிறது. ஆனாலும் கருத்து வேறுபடும் இடங்களில் யாருடைய சொல் செல்கிறது என்ற கேள்வியை அது தீர்த்துவிடவில்லை, மக்கள் சினம் கொள்வதும் அந்த இடங்களில்தான்.

இந்தக் கோபம் எப்போதும் நல்ல வழியில்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. சிலி மக்கள் 2020 வாக்கெடுப்பில் சுமார் 78 விழுக்காட்டு ஆதரவோடு புதிய அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்றார்கள். 2022இல் ஒரு வரைவையும், 2023இல் முற்றிலும் வேறான மற்றொரு வரைவையும் நிராகரித்தார்கள். இதைக் காட்டி, மக்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது என்பவர்கள் உண்டு. ஓய்வூதியமும் மருத்துவமும் கேட்டவர்களிடம், இடதுசாரிகள் ஒருமுறையும் வலதுசாரிகள் ஒருமுறையும் தங்கள் விருப்பப் பட்டியலை நீட்டினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்ட கேள்விக்கு அப்போதும் பதில் வரவில்லை.

அப்படியானால் பதில் என்று எதைச் சொல்வது? ஒவ்வொரு வரி மாற்றத்தையும் கட்டண உயர்வையும் அறிவிக்கும்போதே, வருமான அடுக்குகள் ஒவ்வொன்றும் அதில் எவ்வளவு சுமக்கும் என்ற அட்டவணையை அரசு வெளியிட வேண்டும். வேறு என்னென்ன வழிகள் பரிசீலிக்கப்பட்டன, அவை ஏன் விடப்பட்டன என்று முடிவெடுத்தவர் தன் பெயரோடு எழுத வேண்டும். மக்களிடம் கருத்துக் கேட்டால், எதை ஏற்றோம், எதை ஏன் மறுத்தோம் என்று திரும்பிச் சொல்ல வேண்டும். கென்யாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில், அதற்கு முந்தைய ஆண்டின் நிதிச் சட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோது, மக்களின் கருத்துகளை ஏற்றதற்கும் மறுத்ததற்கும் நாடாளுமன்றம் காரணம் சொல்லவில்லை என்பதை முக்கியமான குறையாக எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. சட்டத்தின் நுணுக்கத்தில் உச்ச நீதிமன்றம் சரியாக இருக்கலாம். ஆனால் வரி கட்டும் மக்களுக்கு அதற்கான காரணத்தைச் சொல்வது அரசின் கடமை என்று கீழ் நீதிமன்றம் கருதியதே எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்தக் கடமை சட்டமாகாத நாடுகளில், அடுத்த சிறு கட்டண உயர்வின்போதும் மக்கள் தெருவில்தான் கேட்பார்கள்.