இரவுப் பேருந்தில் கைக்குழந்தையின் பால்போத்தல்

வணக்கம் சகோதரி. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியாகக் கொழும்புக்கு 3 மாதக் குழந்தையுடன் இரவுப் பேருந்தில் செல்லும்போது பால்போத்தலை எங்கே கழுவி அவிப்பது என்று கேட்டிருந்தீர்கள். வழியில் கழுவவே வேண்டாம் என்பது என் கருத்து. இரவில் எத்தனை தடவை பால் கொடுப்பீர்களோ அத்தனை போத்தல்களையும், மேலதிகமாக ஒன்றையும், வீட்டிலேயே தூரிகையால் தேய்த்துக் கழுவி, சூப்பியையும் மூடியையும் கழற்றி, காற்றுக்குமிழ் தங்காதவாறு நீருக்குள் முழுதாக அமிழ்த்தி, 5 நிமிடம் கொதிக்கவைத்து, சவர்க்காரமிட்டுக் கழுவிய கைகளால் பூட்டி எடுத்துச் செல்லுங்கள். நமது கிணற்றுநீரின் சுண்ணாம்பு போத்தலில் வெண்மையாகப் படிந்திருந்தால், வினாகிரி கலந்த நீரில் முதலில் ஊறவைத்து அலசிவிடுங்கள்.

போத்தல் எவ்வளவு சுத்தமாயினும் பால்மா கிருமியற்றதன்று. பலரும் கவனியாது விடுவது இதைத்தான். ஆகவே மாவை உலர்ந்த சிமிழ்களில் அளந்து வைத்து, பிளாஸ்கில் கொண்டுசெல்லும் கொதிநீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையுமுன், பேருந்து நின்றிருக்கும் வேளையில் மட்டும், அவ்வப்போது கரையுங்கள். நன்றாக ஆறவைத்து, மணிக்கட்டில் சொட்டிப் பார்த்தபின் கொடுங்கள். கரைத்த பாலை 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்; குழந்தை குடித்து மிஞ்சியதை உடனே ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலும் கொடுப்பவராயின், பயணத்தில் இயன்றவரை அதையே கொடுங்கள்.